ஒரு மிஸ்கோல் என்றால் ரெயில்

தோட்டவெளியைத் தாண்டி, கடற்கரைப் பக்கம் போகிற மணல் பாதையைத் தண்டவாளம் குறுக்கே வெட்டுகிற இடத்தில் அருளப்பன் கேற் போடுகிறவன். கேற் என்றதும் சிவப்பு விளக்கும் மணியுமாக எதையாவது கற்பனை பண்ணிவிடாதீர்கள். நீளமான ஓர் இரும்புக் குழாய், அதன் அடியில் பாரத்துக்குக் கட்டிய கொங்கிறீற் கல், இழுத்துக் கட்ட ஒரு நைலோன் கயிறு. வெயிலுக்கு ஒதுங்க ஒரு தகரக் கொட்டில், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரை. ரெயில் வந்தால் குழாயை இறக்க வேண்டும், போனால் ஏற்ற வேண்டும். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவரை ஒரேயொரு நாள் அந்தக் கதிரையில் இருத்திப் பார்க்க வேண்டும்.

ரெயில் வருகிற சங்கதி அவனுக்குப் போனில்தான் வரும். மன்னார் டவுன் பக்கமிருந்து வருகிற ரெயில் முதலில் அடுத்த கேற்காரி உம்மு குல்சூமின் கேற்றைத் தாண்டும். தாண்டியதும் அவள் அருளப்பனுக்கு ஒரு மிஸ்கோல் கொடுப்பாள். ஒரு தரம் அடித்து நின்றுவிடும். அதை எடுக்கக் கூடாது, அடித்தால் ரெயில், அவ்வளவுதான். தலைமன்னார்ப் பக்கமிருந்து வந்தால் அந்தப் பக்கத்துக் கேற்காரன் இவனுக்கு அடிப்பான், இவன் உம்மு குல்சூமுக்கு அடிப்பான். கோலுக்குக் காசு போகாது என்று தொடங்கிய வழக்கம் எட்டு வருசத்தில் சட்டமாகிவிட்டது. நாளுக்கு நாலைந்து தரம் அடித்துக்கொள்கிற இரண்டு பேர் இந்த எட்டு வருசத்தில் ஒருநாள்கூடப் போனில் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. சம்பளம் பொலிஸ் ஊடாகத்தான், மாத முடிவில் அதற்குக் கையெழுத்து வைக்கப் போகிறபோது காண்பார்கள். "சுகமோ தங்கச்சி?" "சுகம் அண்ணன்." அதோடு சரி.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் ரெயிலில் டிலக்சனா அடிபட்டாள். முன்பள்ளி ரீச்சர், இருபத்துநாலு வயது. கேற் இறங்கித்தான் இருந்தது. இதை நான் ஒரு தரத்துக்கு மூன்று தரம் சொல்லுவேன், கேற் இறங்கித்தான் இருந்தது. அவள் ஸ்கூட்டியைச் சரித்துக் குழாயின் கீழால் நுழைந்தாள். எல்லாரும் செய்கிறதுதான், அவசரம் என்றால் நீங்களும் செய்திருப்பீர்கள். தண்டவாளத்தின் மேல் ஸ்கூட்டி நின்றுவிட்டது. அருளப்பன் கத்திக்கொண்டு ஓடினான். இன்னும் நாலு எட்டு வைக்க நேரம் கிடைத்திருந்தால் இழுத்திருப்பான்.

முதலில் கிட்டப் போனவன் அவன்தான். கையிலிருந்த சிவப்புக் கொடியால் அவள் முகத்தை மூடினான். அப்போதுதான் மணலில் கிடந்த அவளுடைய போன் அடிக்கத் தொடங்கியது. திரையில் 'அம்மா' என்று விழுந்தது. அடித்து நின்றது, திரும்பவும் அடித்தது. பொலிஸ் வந்து சேருவதற்குள் பதினொரு தரம் அடித்தது. அவன் காலடியில்தான் கிடந்தது, குனிந்தால் எடுத்திருக்கலாம். எடுத்து என்னத்தைச் சொல்வது? போன் அடித்தால் எடுக்காமல் இருந்தே பழகிய மனிதன் அன்றைக்கும் எடுக்காமல் நின்றான். அந்தப் போனின் மணியும் இவனுடைய போனின் மணியும் ஒரே மணி, கடையில் வாங்குகிறபோதே அதில் இருக்கிற மணி.

விசாரணையில், "உம்மில ஒரு பிழையும் இல்லை அருளப்பன், நீர் போகலாம்" என்றார்கள். கொடியைக்கூடத் திருப்பித் தந்தார்கள். யாரோ நன்றாகத் தோய்த்து மடித்து வைத்திருந்தார்கள். அடுத்த நாள் காலை அதே கொடியோடு அதே கதிரையில் போய் இருந்தான். ஒரு கிழமை லீவு எடு என்று சொல்ல ஒருவரும் இல்லை. பொலிசா, ரெயில்வேயா, அவன் எந்தக் கந்தோருக்குச் சொந்தமான ஆள் என்பதே ஒருவருக்கும் சரியாகத் தெரியாதபோது யார் சொல்வது?

சும்மா சொல்லக் கூடாது, மனசு எப்படி என்று ஒரேயொரு தரம் கேட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஓர் உளவளத்துணை மிஸ் படிவத்தோடு கொட்டிலுக்கே வந்தாள். நல்ல பிள்ளை, வெயிலில் நின்றே கேட்டாள்.

"அண்ணை, நித்திரை வருதோ?"

அருளப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேற்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! ஆரோ தன்மேல் பெட்டிசன் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தான்.

"ஐயோ மிஸ், சத்தியமா இல்லை. கேற்றில நான் ஒருநாளும் நித்திரை கொண்டதில்லை."

மிஸ் சிரித்துவிட்டாள். "இல்லை அண்ணை, வீட்டில, இரவில."

"வீட்டில நல்லாப் படுப்பன். படுத்தா விடியத்தான் எழும்புவன்."

அவள் படிவத்தில் ஒரு புள்ளடி போட்டாள். அந்தக் கதவும் அப்படியே மூடிக்கொண்டது. உண்மையில் அந்த இரண்டு மாதத்தில் அவன் விடியவிடியக் கண்ணை மூடாமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். சொன்னால் வேலையால் நிற்பாட்டுவார்கள். நிற்பாட்டினால் அந்த வெயிலுக்கும் அந்தச் சம்பளத்துக்கும் இன்னொருவன் வரப்போவதில்லை, கேற் ஆளில்லாமல் கிடக்கும். ஆளில்லாத கேற்றில் இன்னொரு பிள்ளை அடிபடும். இதுதான் அவன் போட்ட கணக்கு. அவன் வீம்பு பிடித்தவன் இல்லை, பயந்து போனவன்.

மூன்றாம் மாதத்திலிருந்து போன் அடிக்கத் தொடங்கியது. அதாவது, அடிக்காத போன். காற்சட்டைப் பைக்குள் ஒரு தரம் அடித்து நிற்கும். எழும்பி ஓடிக் குழாயை இறக்குவான். கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஐந்து நிமிசம் போகும், பத்து நிமிசம் போகும், ஒரு ரெயிலும் வராது. போனை எடுத்துப் பார்த்தால் ஒருவரும் அடித்திருக்க மாட்டார்கள். அது பொய் மணி என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் அடுத்த முறை ஓடுவான். பொய் என்று நினைத்து இருந்துவிட, அது மெய்யாக இருந்தால்?

முதலில் சனம் பகிடி பண்ணியது. மீன் கொண்டுபோகிற ஓட்டோக்கார றொஷான் தலையை வெளியே நீட்டி, "என்ன அண்ணை, ரெயிலை வீட்டிலயே வளர்க்கிறியளோ?" என்பான். பிறகு பகிடி போய்த் திட்டு வந்தது. ஐஸ் கரைகிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பிந்துகிறது, விசர் பிடிச்சவனை வைச்சு வேலை வாங்கினா இப்பிடித்தான் என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அதையும் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது அதற்குப் பிறகு வந்தது. திட்டுவதை விட்டுவிட்டார்கள். குழாய் இறங்கியிருந்தால் அதன் நுனிக்கு அப்பால் மணலில் இறக்கி, வளைத்துக்கொண்டு பேசாமல் போனார்கள். மெய்யான ரெயிலுக்கும் அப்படித்தான் போனார்கள். அருளப்பனின் கேற் இருந்தும் இல்லாத கேற் ஆகிவிட்டது. இன்னொரு சாவு அந்தப் பாதையில் வந்துகொண்டிருக்கிறது, அதற்கு வழி திறந்துவிட்டவன் தானே என்று அவனுக்குத் தெரிந்தது.

மனைவி சிசிலியா அவனைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பங்குச் சுவாமி தலையில் கைவைத்துச் செபித்தார். மந்திரித்த தண்ணீர் தெளித்தார், அந்தோனியார் கயிறு கட்டிவிட்டார். "கொஞ்ச நாள் வேலைக்குப் போகாம ஓய்வெடும்" என்றும் சொன்னார்.

"சுவாமி சொல்லுறதைக் கேளுங்கோவன். உங்களுக்கு ஏதோ பிடிச்சிருக்கு" என்று வீட்டுக்கு வந்து அழுதாள் சிசிலியா.

"எனக்கொண்டும் பிடிக்கேல்லை."

"அப்ப ஏன் இரவில எழும்பிக் கதவைப் பூட்டுற திறாங்கை இழுக்கிறியள்? நேற்று மூண்டு தரம். கேற் போடுறன், கேற் போடுறன் எண்டு சொல்லிக்கொண்டு இழுக்கிறியள்!"

அவனுக்கு அது ஞாபகமே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தான், பொய் சொல்கிற முகமில்லை. அதற்குப் பிறகு அவனுக்குச் சாப்பாடும் இறங்கவில்லை.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். விடிந்ததிலிருந்து பொய் மணி ஐந்து தரம் அடித்திருந்தது. ஐந்து தரமும் இறக்கினான், ஐந்து தரமும் ஏற்றினான். கயிறு இழுத்து உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. பகல் ரெயில் தலைமன்னாரிலிருந்து வருகிற நேரம். ஆனால் அந்த ரெயில் நேரத்துக்கு வந்ததை யார் கண்டார்? பையில் போன் ஆறாவது தரம் அடித்தது.

அருளப்பன் எழும்பவில்லை.

'இதுவும் பொய்தான், இரு' என்று தனக்குத்தானே சொன்னான். பல்லைக் கடித்துக்கொண்டு, கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனான். இருபதுவரை எண்ணிவிட்டு, என்னதான் ஆகிவிடும் பார்ப்போமென்று போனை வெளியே எடுத்தான். திரையில் சிவப்பில் கிடந்தது, ஒரு மிஸ்கோல், தலைமன்னார்ப் பக்கத்துக் கேற். மெய்யான மிஸ்கோல்.

ஐயோ என்று பாய்ந்தான். குழாய் இறங்கிற்றோ இல்லையோ, றொஷானின் ஓட்டோ வந்துவிட்டது. அன்றைக்கு மீன் இல்லை, முன்பள்ளி விட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிறான். ஆறேழு சின்னஞ்சிறுசுகள், தண்ணீர்ப் போத்தல்களும் தாங்களுமாக. அவன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. வழக்கம்போல மணலில் இறக்கிக் குழாயின் நுனியை வளைத்தான்.

"றொஷான், நில்! ரெயிலடா! மெய்யா ரெயில்!"

"ஓமோம் அண்ணை, இண்டைக்கு எத்தினையாவது?" என்று சிரித்துக்கொண்டே வந்தான் அவன்.

அருளப்பன் ஓட்டோவுக்கு முன்னால் போய் விழுந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கொடிக்கம்பை இரண்டு கையாலும் பிடித்து ஓட்டோவின் முன்கண்ணாடியில் ஓங்கி அடித்தான். கண்ணாடி நொருங்கியது. பிள்ளைகள் குழறி அழுதன. றொஷான் பிரேக்கை மிதித்தான். தூசணத்தில் திட்ட வாயைத் திறந்தவன் மூடவில்லை, அருளப்பனின் முதுகுக்குப் பின்னால் ரெயில் போய்க்கொண்டிருந்தது. அதன் காற்றில் இவன் சட்டை முன்னுக்குப் பறந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

றொஷான் இறங்கினான். மணலில் குந்தினான். "நான்... நான் நினைச்சன் அண்ணை, வழமைபோல..." என்றான். பிறகு பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பார்த்து, ஓட்டோவைக் கையால் தள்ளிக்கொண்டு திரும்பவும் வந்த பாதையிலேயே போனான்.

குழாயை ஏற்றியபிறகுதான் அருளப்பனுக்கு அது உறைத்தது. உம்மு குல்சூமுக்கு மிஸ்கோல் கொடுக்கவில்லை! ரெயில் அவளுடைய கேற்றை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம், அவளுடைய பாதையில் இதைவிடச் சனம். அவளுக்கு ரெயில் வருவது தெரியாது.

அவளுடைய நம்பரை அழுத்தினான். அடித்தது. அவள் எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? அடித்தால் ரெயில், எடுக்கக் கூடாது. அடித்தது கேட்டுக் கேற்றை இறக்கினாளா, அதற்குமுன் ரெயில் போய்விட்டதா? திரும்ப அடித்தான். மூன்றாம் தரம் அடித்தான். "எடு தங்கச்சி, எடு" என்று வெறும் கொட்டிலுக்குள் கத்தினான். இப்போது அவளுடைய போனும் மணலில் கிடந்து அடிக்கிறதா? ஆராவது ஒருவன் பக்கத்தில் நின்று, குனிந்து எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறானா? டிலக்சனாவின் தாய் அன்றைக்கு எப்படி அடித்திருப்பாள் என்று அப்போதுதான், ஏழு மாதம் கழித்து, அவனுக்கு விளங்கியது. நாலு, ஐந்து, ஆறு. கண்ணீரில் திரை தெரியவில்லை, தடவித்தடவி அழுத்தினான்.

ஒன்பதாம் தரம் அவள் எடுத்தாள்.

"என்ன அண்ணன்?" என்றது ஒரு பெண் குரல், மூச்சு வாங்க. போனில் அவளுடைய குரல் இப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. "என்ன, பின்னால இன்னொரு ரெயிலோ?"

"உன்ர கேற்... கேற் போட்டனியோ? ஆரும்..."

"போட்டுத்தான் இரிந்த. ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல. நேரமாச்சு, உங்கட மிஸ்கோல் வரல்ல, எனக்கு மனசு சரியில்ல. வாறது வரட்டும் எண்டு நானா போட்டன். ரெயில் இப்பதான் போகுது."

அருளப்பன் தரையில் இருந்துவிட்டான்.

"அண்ணன்? கேக்குதா? என்ன அண்ணன், அடுத்த ரெயிலா?"

"ரெயிலில்லை தங்கச்சி," என்றான். "நான்."

ஒரு வளர்ந்த ஆம்பிளை அழுகிற சத்தத்தை உம்மு குல்சூம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது தரம் அடிச்சுப்போட்டன், மன்னிச்சுக்கொள்" என்றான் கடைசியில்.

"அதாலதானே எடுத்த. ரெயிலெண்டா ஒருக்காத்தான் அடிக்கும். மனிசர்தான் இப்பிடி அடிப்பாங்க."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். முறையாகச் சொல்லவில்லை, முன்னுக்குப் பின்னாகக் கொட்டினான். றொஷானின் ஓட்டோ, கதவுத் திறாங்கு, மிஸ்ஸுக்குச் சொன்ன பொய், மணலில் கிடந்த போன், பதினொரு தரம், எடுக்காமல் நின்றது. "எனக்கு அடிக்காத போன் அடிக்குது தங்கச்சி. இல்லாத ரெயிலுக்கெல்லாம் கேற் போடுறன்."

"தெரியும் அண்ணன்."

"என்ன தெரியும்?"

"நாலு மாசமா உங்கட மிஸ்கோல் எனக்கு வருது. இல்லாத ரெயிலுக்கும் எனக்கு அடிச்சுப்போட்டுத்தானே நீங்க கேற் போடுற. நேரத்தப் பாத்தாத் தெரியும், அந்நேரம் ஒரு ரெயிலும் இல்ல எண்டு. எண்டாலும் போட்டுத்தான் இரிந்த. ஒவ்வொண்டுக்கும் போட்டன். சனம் எனக்கும் ஏசாத ஏச்சில்ல."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, பழக்கத்தில் கை தானாகவே அவளுக்கு அடித்திருக்கிறது. தன் தலைக்குள் ஓடிய ஒவ்வொரு ரெயிலும் அங்கே அவளுடைய கேற்றையும் தாண்டிப் போயிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அவள் கயிற்றை அவிழ்த்து, குழாயை இறக்கி, கொடியோடு வெயிலில் நின்றிருக்கிறாள்.

"ஏன் தங்கச்சி போட்டனி? ஒருக்கா எடுத்துக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருக்கத்தான் வேணும்." அவளுடைய குரலும் உடைந்தது. "கேட்டா நீங்க வெக்கப்பட்டு வேலைய விட்டிருவீங்க எண்டு பயந்த. கூடச் சேந்து கேற் போட்டாக் கொஞ்ச நாளையில சரியாகிரும் எண்டு நினைச்ச. அது பிழை அண்ணன். அல்லாஹ்வே, இண்டைக்கு அந்தப் புள்ளயளுக்கு ஏதும் ஆகியிரிந்தா..."

அருளப்பன் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தான்.

"ஆசுபத்திரியில மனநலப் பிரிவு இரிக்கு," என்றாள் உம்மு குல்சூம். "நாளைக்குக் காலையில சிசிலியா மதினிய கூட்டிக்கொண்டு வாங்க. நானும் வாறன். அந்த மிஸ்ஸிட்ட சொன்ன மாதிரி நல்லாப் படுக்கிறன் எண்டு சொல்லப்படாது. எனக்குச் சொன்னதை அப்பிடியே சொல்லுங்க."

"நாளைக்கு ரெண்டு கேற்றும் ஆர் போடுறது?"

"சார்ஜன்ட்டுக்கு இப்பவே அடிக்கிறன். பொலிசுக்காரர் வந்து நிக்கட்டும். நிக்க ஆளில்ல எண்டா, அப்ப நம்மட வேல எவ்வளவு பெரிய வேல எண்டு அவங்களுக்குந்தான் தெரியட்டுமே."

அந்த நிலையிலும் அருளப்பனுக்கு ஒரு கணம் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. நாளைக்கு இந்த நேரம் தனக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள், வேலை இருக்குமா, அடிக்காத போன் ஆசுபத்திரியில் ஒரு குளிசையோடு நின்றுவிடுமா, ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. போனைக் காதில் இறுக்கி வைத்துக்கொண்டான்.

"அண்ணன், இப்ப நான் வைக்கணும். டவுனிலயிரிந்து அடுத்த ரெயில் வரப்போகுது. லைன் பிசியா இரிந்தா ஸ்டேசன்ல இரிந்து எனக்குக் கோல் வராது."

"வைக்காதை தங்கச்சி." அவன் கெஞ்சினான். "நீ வைச்சியெண்டா எனக்குத் திரும்பவும் அடிக்கும். எது பொய், எது மெய் எண்டு எனக்குத் தெரியாது."

"வைக்காட்டி ரெயில் வாறது ரெண்டு பேருக்குமே தெரியாது அண்ணன்."

உண்மைதான். அவள் வைத்துவிட்டாள்.

அந்த அரை மணித்தியாலத்தை அவன் எப்படிக் கழித்தான் என்று கேட்காதீர்கள். போனைப் பைக்குள் வைக்கவில்லை, இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தான். இரண்டு தரம் மணி கேட்டது. இரண்டு தரமும் திரை இருட்டாகவே கிடந்தது. இரண்டு தரமும் உடம்பு எழும்பப் பார்த்தது, காலை மணலுக்குள் ஊன்றிக்கொண்டு இருந்தான். வியர்வை வடிந்து போன் நனைந்தது. பாதையில் இரண்டு சைக்கிள்கள் போயின, ஒரு மோட்டார்சைக்கிள் போனது, ஒருவரும் இவன் பக்கம் திரும்பவில்லை.

பிறகு போன் அடித்தது. திரையில் வெளிச்சம் வந்தது, உம்மு குல்சூம் என்று எழுத்து வந்தது. அவன் எழும்பினான். ஒரு மணியோடு நிற்கும் என்று பார்த்தான், நிற்கவில்லை. இரண்டாம் மணி அடித்தது. மூன்றாம் மணியும் அடித்தது. எட்டு வருசப் பழக்கம் கையைப் பிடித்து இழுத்தது. அருளப்பன் போனை எடுத்தான்.

"போயிட்டுது அண்ணன்," என்றாள் அவள். "என்ட ரெண்டு கண்ணாலயும் பாத்த. மெய்யான ரெயில். கேற்றைப் போடுங்க. வைக்கமாட்டன், போட்டிட்டு வாங்க, கதைப்பம்."